பொறுமை ஒரு செயலா? இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்துச் சில எண்ணங்கள்

இரட்சணிய யாத்திரிகம் என்பது எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900) இயற்றிய கிறித்தவக் காப்பியம். ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதிய 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' என்னும் உரைநடை நூலின் வழிநூல் இது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும் 3766 பாடல்களும் கொண்டது. பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த 'நற்போதகம்' இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து, 1894-இல் நூலாக வெளியானது. ஆசிரியரைக் 'கிறித்தவக் கம்பர்' என்று போற்றுவது வழக்கம்.

இக்கட்டுரை நூல் அறிமுகம் அன்று. துன்பத்தைத் தாங்கி நிற்பது, நம்பிக்கையைச் செயலில் காட்டுவது என்ற இரண்டையும் இக்காப்பியம் எவ்வாறு கையாள்கிறது, எங்கே உயர்கிறது, எங்கே தயங்குகிறது என்பதையே இங்கே பார்க்கிறோம். இந்நூலைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை கம்பராமாயணத்தோடு ஒப்பிட்டு அணிநலம் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. அது தேவைதான். ஆனால் ஒரு நூல் வாழ்க்கையைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பதும் திறனாய்வின் வேலை.

கேள்வி எழுந்த இடம்

பணி ஓய்வுக்குப் பிறகு பட்டினப்பாக்கத்தில் மாலை நேரங்களில் பிளஸ் டூ பிள்ளைகள் சிலருக்குத் தமிழ்ப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் சீனிவாசபுரத்துப் பிள்ளைகள். கடலோரக் குடும்பங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தமிழ்ப் பாடநூலில் இரட்சணிய யாத்திரிகத்தின் குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலத்திலிருந்து சில பாடல்கள் பாடமாக உள்ளன. இயேசு கயிற்றால் கட்டப்பட்டு, இழிசொற்களைக் கேட்டபடி விசாரணைக்கு நிற்கும் பகுதி அது.

அங்கே கிருட்டிணபிள்ளை ஒரு நுட்பமான கருத்தை வைக்கிறார். அவர் கட்டுண்டு நின்றது கயிற்றின் வலிமையால் அன்று. தம்மைப் பகைத்தவர்கள் மேல் அவர் கொண்டிருந்த அன்பு என்னும் கட்டிலிருந்து விடுபட முடியாததால்தான் அப்படி நின்றார் என்கிறார் கவிஞர். அந்தப் பொருளை விளக்கி முடித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், அவரால கயிற்றை அறுக்க முடியும், ஆனா அறுக்கலை. அதனால அது பொறுமை. எங்கம்மாவால எதையும் அறுக்க முடியாது. அப்ப எங்கம்மாகிட்ட இருக்கறதுக்குப் பேரு என்ன மிஸ்?"

அவளுடைய அம்மா மீன் விற்பவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். 'பொறுமையாய் இரு' என்ற சொல்லை அவர் எத்தனை பேரிடமிருந்து எத்தனை முறை கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாதா? முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் நின்ற எனக்கு அன்றைக்கு உடனே பதில் வரவில்லை. 'நாளைக்குச் சொல்கிறேன் அம்மா' என்று சொல்லி வீட்டுக்கு வந்து, காப்பியத்தை மறுபடி எடுத்தேன்.

கயிறும் கடலும்

குமார பருவம் பனியனில் இல்லாதது. பனியனின் பயணி சிலுவை இருக்கும் இடத்துக்கு வருகிறான், முதுகுச் சுமை கழன்று உருள்கிறது, அவன் நடையைத் தொடர்கிறான். இயேசு பட்ட பாடுகளை அங்கே பனியன் விரித்துச் சொல்வதில்லை. ஏனெனில் அவருடைய வாசகர்களுக்கு அந்தக் கதை வீட்டிலேயே தெரியும். கிருட்டிணபிள்ளை 19-ஆம் நூற்றாண்டின் தமிழ் வாசகருக்கு எழுதினார். ஆகவே ஒரு பருவத்தையே அதற்குக் கொடுத்தார். இது வெறும் சேர்க்கை அன்று. நூலின் நடுக்கம்பம் அங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு.

காரணம் சொல்கிறேன். உருவகக் கதையில் பயணி படும் துன்பங்கள் எல்லாம் பெயர் ஒட்டிய துன்பங்கள். சேற்றுக்கு அவநம்பிக்கை என்று பெயர், மலைக்குக் கஷ்டம் என்று பெயர், அரக்கனுக்கு மனமுறிவு என்று பெயர். பெயரைப் படித்தவுடன் துன்பம் பாதி கரைந்துவிடுகிறது. குமார பருவத்தில் அப்படி இல்லை. அங்கே கயிறு கயிறுதான், அடி அடிதான். அதே பகுதியில், பெருங்கடலே கொதித்தால் விளாவுவதற்கு நீர் எங்கே கிடைக்கும் என்னும் பொருளில் ஓர் உவமையும் வருகிறது. 'விளாவுதல்' நம் வீட்டுக் குளியலறைச் சொல். வெந்நீரில் தண்ணீர் ஊற்றிச் சூடு தணிப்பது. இத்தனை பெரிய நிகழ்ச்சிக்கு இத்தனை வீட்டுத்தனமான சொல் பொருந்துவதைப் பார்க்கும்போது, 'கிறித்தவக் கம்பர்' என்ற பட்டம் வெறும் உபசாரம் இல்லை என்று தோன்றுகிறது.

இங்கே பொறுமை என்பது ஆற்றல் உள்ளவன் தன் ஆற்றலை அடக்கி நிற்பது. தமிழ் மரபுக்கு இது புதிதன்று. திருக்குறளின் 16-ஆம் அதிகாரமான பொறையுடைமை, தன்னைத் தோண்டுபவரையே தாங்கும் நிலத்தை முதலில் காட்டிவிட்டு, தண்டிப்பவரையும் பொறுப்பவரையும் எதிரெதிரே நிறுத்துகிறது. தண்டிக்கக்கூடியவன் தண்டிக்காமல் விடுவதே அங்கே பொறை. கிருட்டிணபிள்ளை பிறப்பால் வைணவ வேளாளர். தமிழ் இலக்கியத்திலும் வைணவ நூல்களிலும் ஆழ்ந்து பயின்றவர். கிறித்தவப் பாடுகளின் கதையை இந்தப் பழைய பொறையின் இலக்கணத்துக்குள் அவர் இயல்பாகக் கொண்டுவந்துவிடுகிறார். பாடல்கள் மனத்தில் நிற்பதற்கு அதுவே காரணம்.

ஆனால் மாணவியின் கேள்வி இங்கேதான் கடினமாகிறது. தண்டிக்க முடியாதவருக்கு, அறுக்க முடியாதவருக்கு இந்த இலக்கணத்தில் இடம் இல்லை.

பயணியின் துன்பம்

கிருட்டிணபிள்ளையின் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பயணியின் கதை வேறு விதமாகப் படும். திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பில் பிறந்தவர். 1853-இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். கிறித்தவராவது என்று முடிவு செய்தபின், சொந்த ஊரையும் உறவையும் விட்டுத் தொலைவில் சென்னைக்கு வந்து, 1858-இல் மயிலாப்பூர் தூய தாமஸ் ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்ஃபிரட் ஆனார். 'எச். ஏ.' என்ற முன்னெழுத்துகள் அங்கே கிடைத்தவை. (சாந்தோம் என்றதும் நமக்குக் கத்தோலிக்கப் பேராலயம்தான் நினைவுக்கு வரும். இது அதுவன்று, ஆங்கிலிக்கன் ஆலயம். இந்தப் பக்கத்தில் எத்தனையோ ஆண்டுகள் நடந்தும், தமிழ்க் காப்பியம் ஒன்றின் ஆசிரியருடைய வாழ்க்கை திரும்பிய இடம் இது என்பது எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிய வந்தது. பாடம் நடத்திய காலத்தில் தெரிந்திருந்தால் பிள்ளைகளை ஒருநாள் நடத்தியே கூட்டிப்போயிருப்பேன்.)

பனியனின் கதை, ஒருவன் மனைவி மக்கள் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு வீட்டை விட்டு ஓடுவதில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் வாசகருக்கு அது உருவகம். சாதியும் குடும்பமும் ஒன்றாய்ப் பின்னிய ஓர் ஊரிலிருந்து மதம் மாறியவருக்கு அது அப்படியே நடந்தது. கிருட்டிணபிள்ளையின் நாயகன் ஆத்தும விசாரி நாசத்துக்குரிய நகரை விட்டுப் புறப்படும்போது, ஆசிரியர் தம் சொந்த அனுபவத்தின் மேல் நடக்கிறார் என்றே படுகிறது. இடையிடையே வரும் தேவாரப் பாடல்களில் அந்தத் தனிமை கேட்கிறது. காப்பியத்தின் ஓட்டத்தை அவை தடுக்கின்றன என்று குறை சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீண்ட வழி நடப்பவன் நின்று மூச்சு வாங்குகிற இடங்கள் அவை. பதின்மூன்று ஆண்டுகள், மாதம் மாதம் ஓர் இதழுக்கு விருத்தம் எழுதிக்கொடுத்தவருக்கும் அந்த மூச்சு தேவைப்பட்டிருக்கும்.

ஆக, விடாமல் நடத்தல் என்ற ஒன்றை இந்நூல் நன்றாகவே காட்டுகிறது. சேறு கண்டு திரும்பி ஓடுபவன், பாதி வழியில் குறுக்கு வழி தேடுபவன், சந்தையில் விலைபோகிறவன் என்று பலரைக் காட்டி, நடந்துகொண்டே இருப்பவனைத் தனியே நிறுத்துகிறது. திருவள்ளுவர் இதைப் பொறையுடைமையில் சொல்லவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அறத்துப்பாலிலிருந்து வெகுதூரம் தள்ளி, பொருட்பாலில், ஆள்வினையுடைமை என்ற 62-ஆம் அதிகாரத்தை அடுத்து, இடுக்கண் அழியாமை என்று 63-ஆவதாக வைத்தார். முயற்சிக்குப் பக்கத்து வீட்டில் துன்பம் தாங்குதல். பிறர் செய்த தீங்கைப் பொறுப்பது ஒன்று, துன்பத்தின் நடுவிலும் வேலையை விடாமல் செய்வது வேறொன்று. இரண்டுக்கும் இன்று நாம் 'பொறுமை' என்ற ஒரே சொல்லை வைத்துக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒரு சொல்லின் கதை

இந்தக் குழப்பத்தில் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் பங்கு உண்டு. புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் கடிதம் என்று ஒன்று உள்ளது. நம்பிக்கை செயலாகாவிட்டால் அது செத்தது என்று அடித்துச் சொல்லும் கடிதம். ஏழைச் சகோதரன் ஆடையின்றிப் பசித்து நிற்கும்போது, வயிறார உண்டு குளிர்காய்ந்துகொள் என்று வாயால் வாழ்த்தி அனுப்பினால் என்ன பயன் என்று கேட்கும் கடிதம். மார்ட்டின் லூதருக்கு இது பிடிக்கவில்லை. 1522-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் இதை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். நம்பிக்கை ஒன்றினாலேயே மீட்பு என்ற அவருடைய போதனைக்கு இது இடைஞ்சலாக இருந்தது.

அக்கடிதத்தின் தொடக்கத்தில், சோதனை எதை உண்டாக்கும் என்று சொல்லுமிடத்தில் ஒரு கிரேக்கச் சொல் வருகிறது: ஹுப்பொமொனே. சுமையின் கீழே நிலைத்து நிற்றல் என்பது அதன் உறுப்புகளின் பொருள். சீர்திருத்தத் திருச்சபையினர் பயன்படுத்தும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதைப் 'பொறுமை' என்கிறது. 1995-இல் வந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு 'மனவுறுதி' என்கிறது. அதே போல் பழையதில் 'விசுவாசம்', 'கிரியை' என்றிருந்தவை புதியதில் 'நம்பிக்கை', 'செயல்' ஆயின. பழைய சொற்களுக்கு ஓசையழகு உண்டு, நீண்ட காலம் வாயில் பழகியவை. ஆனால் 'பொறுமை'யை 'மனவுறுதி' ஆக்கியது வெறும் சொல் மாற்றம் இல்லை. பொறுமையாய் இருப்பவரிடம் நாம் மேலும் பொறுக்கச் சொல்லலாம். மனவுறுதியோடு இருப்பவரிடம் அப்படிச் சொல்ல வாய் வராது.

கிருட்டிணபிள்ளை பழைய சொல்லின் காலத்தவர். அவருக்கு வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது என்பேன். திருக்குறள் தெரிந்தவர் அவர்.

காப்பியம் தயங்கும் இடம்

இனி எனக்குக் குறையாகப் படுவது.

பனியனின் முதற்பாகத்தில் வாயாடி ஒருவன் வருகிறான். நன்றாய்ப் பேசுவோனின் மகன், பிதற்றல் தெருக்காரன் என்று அவனுக்கு ஊர் பேர் எல்லாம் வைத்திருக்கிறார் பனியன். சமயம் பற்றி மணிக்கணக்கில் பேசுவான். வீட்டில் உள்ளவர்களும் வேலைக்காரர்களும் அவனிடம் படும் பாடோ சொல்லி முடியாது. சமயத்தின் உயிர் நடைமுறையில் இருக்கிறது, கடைசித் தீர்ப்பில் கேட்கப்போவது செய்தாயா என்பதையே என்று அவனைப் பற்றிய உரையாடலில் வருகிறது. யாக்கோபின் குரல்தான் அது. ஆனால் கவனித்துப் படித்தால் அந்தப் பயணியும் பேசிக்கொண்டேதான் நடக்கிறான்! முதற்பாகம் முழுவதிலும் அவன் ஒருவருக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊற்றியதாக இல்லை. விழுகிறான், எழுகிறான், போரிடுகிறான், சிறைப்படுகிறான், ஆற்றைக் கடக்கிறான். எல்லாம் தன் மீட்புக்காக.

பனியனுக்கே இந்தக் குறை தெரிந்திருக்க வேண்டும். 1678-இல் முதற்பாகம். 1684-இல் இரண்டாம் பாகம். அதில் விட்டுப்போன மனைவி கிறிஸ்டியானா பிள்ளைகளோடு அதே வழியில் புறப்படுகிறாள். துணைக்குக் கருணை என்னும் பெயருடைய பக்கத்து வீட்டுப் பெண். இந்தக் கருணை, தங்கும் இடத்தில் எல்லாம் ஏழைகளுக்கு உடை தைத்துக்கொண்டே இருக்கிறாள். அவளை மணக்க ஆசைப்பட்டு ஒருவன் வருகிறான். ஓயாமல் வேலை செய்கிறாளே, நல்ல வருமானம் வரும் என்று கணக்குப் போடுகிறான். தைத்ததையெல்லாம் சும்மா கொடுத்துவிடுகிறாள் என்று தெரிந்ததும் வருவதை நிறுத்திக்கொள்கிறான். படிக்கும்போது சிரிப்பு வரும். நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலம் போலவே இருக்கும். ஆனால் முதற்பாகத்தில் ஆயுதம் ஏந்திய நம்பிக்கை, இங்கே ஊசியும் நூலும் ஏந்துகிறது என்பதுதான் விஷயம்.

இரட்சணிய யாத்திரிகம் முதற்பாகத்தின் தடத்தில் செல்லும் காப்பியம். கருணை தமிழுக்கு விருத்தத்தில் வரவில்லை. காப்பிய இலக்கணம் தன்னிகரில்லாத் தலைவன் ஒருவனைக் கேட்கிறது. துணி தைக்கும் பெண்ணுக்கு அங்கே இடம் குறைவு என்று சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானம் முழுதும் செல்லாது. வீரமாமுனிவர் தேம்பாவணியில், 3615 பாடல்களில், தச்சுத் தொழில் செய்யும் சூசையைத் தலைவனாக வைத்துக் காட்டியிருக்கிறார். கையுழைப்பால் ஒரு குழந்தையையும் தாயையும் காப்பாற்றுவதைக் காப்பியப் பொருளாக ஆக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இன்னொரு ஒப்பீடும் மனத்தை உறுத்துகிறது. கிருட்டிணபிள்ளையைவிட ஒரே ஆண்டு மூத்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). கத்தோலிக்கர். மாயூரத்தில் மாவட்ட முன்சீப்பாக இருந்தவர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது, தம் கைப்பொருளைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். அதைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் 'நீயே புருஷ மேரு' என்று அவர் மேல் கீர்த்தனை பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய சைவர் ஒருவர், கிறித்தவர் ஒருவரின் செயலைப் பாடினார்! நம்பிக்கை செயலாகும்போது அதைப் புரிந்துகொள்ள மதம் தடையாக இருப்பதில்லை போலும்.

அந்தப் பஞ்சத்தை ஒட்டிய காலத்தில்தான் திருநெல்வேலிப் பக்கத்தில் இரட்சணிய யாத்திரிகமும் எழுதத் தொடங்கப்பட்டது. இதைச் சொல்வது கிருட்டிணபிள்ளையைக் குறைத்துப் பேசுவதற்காக அன்று. ஒருவர் கஞ்சி ஊற்றினார், ஒருவர் காவியம் எழுதினார், இரண்டும் தொண்டு என்று எளிதாக முடித்துவிடலாம். நான் கேட்பது காவியத்தைப் பற்றி. அந்த ஆண்டுகளின் பசி, பயணி நடந்த பாதையில் ஏன் குறுக்கே வந்து நிற்கவில்லை? பெயர் ஒட்டிய துன்பங்களுக்கு நடுவில் பெயர் வைக்க முடியாத ஒரு துன்பத்துக்கு இடமில்லாமல் போனது, உருவகம் என்னும் வடிவத்தின் குறை. வடிவத்தை மீறிக் குமார பருவத்தை உள்ளே கொண்டுவந்த துணிச்சல், இங்கே மட்டும் ஏன் வரவில்லை என்பதே என் ஆதங்கம்.

சிறையில் இருந்தவரும் வெளியில் இருந்தவரும்

மாணவியின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை காப்பியத்துக்குள்ளே இல்லை, மூலநூல் ஆசிரியரின் வீட்டில் இருந்தது.

பனியன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுது பார்க்கும் தொழிலாளி. அரசின் அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660-இல் பெட்ஃபோர்டு சிறையில் அடைத்தார்கள். இனிப் பிரசங்கம் செய்யமாட்டேன் என்று ஒரு வார்த்தை கொடுத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம். கொடுக்கவில்லை. 12 ஆண்டுகள் உள்ளே இருந்தார். அவர் பொறுமை, கயிற்றை அறுக்கக்கூடியவரின் பொறுமை. புகழுக்குரியதே. சிறைக்குள்ளும் சும்மா இருக்கவில்லை. நூற்றுக்கணக்கில் நாடாக்களுக்கு முனைகட்டிக் கொடுத்து வீட்டுக்குச் சம்பாதித்தார்.

ஆனால் வெளியே அவர் மனைவி எலிசபெத் இருந்தார். இரண்டாம் தாரம். இளம் வயது. முதல் மனைவியின் நான்கு பிள்ளைகள் கையில். அவர்களில் மூத்தவளுக்குக் கண் தெரியாது. கணவர் கைதான அதிர்ச்சியில் தம் கருவையும் இழந்தார். எந்த வார்த்தையும் கொடுத்து எதையும் மாற்றக்கூடிய நிலையில் அவர் இல்லை. கயிற்றை அறுக்க முடியாதவர் அவர். 1661-இல் பெட்ஃபோர்டுக்கு நீதிபதிகள் வந்தபோது, திரும்பத் திரும்ப அவர்கள் முன் போய் நின்றார். நிரம்பியிருந்த அறையில், பெரிய மனிதர்கள் நடுவே, என் கணவருக்கு முறையான விசாரணை நடக்கவில்லை என்று வாதாடினார். ஒரு நீதிபதி சீறினார், ஒருவர் இரக்கம் காட்டினார், விடுதலை கிடைக்கவில்லை. இந்த உரையாடலைப் பனியனே எழுதிவைத்திருக்கிறார்.

எலிசபெத் செய்தது பொறையுடைமை அன்று, இடுக்கண் அழியாமை. சுமையின் கீழே நிலைத்து நின்றபடியே வாய் திறந்து கேட்டது. யாக்கோபின் கடிதத்தில் வரும் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு, சிறையில் இருந்தவரைவிட வெளியில் நின்றவரே நெருக்கமான உதாரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இரட்சணிய யாத்திரிகத்தை இந்த அம்மாளை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், நாயகன் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் காட்சியில் பின்னாலிருந்து வரும் குரலும் நமக்குக் கேட்கத் தொடங்கும். காப்பியம் அந்தக் குரலைப் பின்தொடரவில்லை. வாசகர் பின்தொடரலாம்.

மறுநாள்

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை. கடல் உள்ளே வந்தபின் நான் பணியாற்றிய பள்ளியின் வகுப்பறைகளைத் திறந்துவிட்டோம். பெஞ்சுகளை அடுக்கிவைத்துவிட்டுப் பாய் விரித்தோம். யார் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று அந்த வாரம் யாரும் கேட்கவில்லை. சில பெண்கள் மூன்றாம் நாளே எழுந்து, தங்களுக்கு வந்த அரிசியைத் தாங்களே பொங்கி மற்றவர்களுக்குப் பரிமாறத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் பாகத்துக் கருணையைப் பற்றி அதன் பிறகுதான் படித்தேன். படித்தபோது புதிதாக இல்லை.

2023 ஏப்ரலில் லூப் சாலையோர மீன்கடைகள் அகற்றப்பட்டபோது, மீனவப் பெண்கள் சாலையில் இறங்கி உட்கார்ந்தது செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. அடுத்த ஆண்டு அந்தச் சாலையிலேயே மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்காடி போதுமா, இடம் ஒதுக்கியது சரியா என்பது வேறு பேச்சு. நான் சொல்ல வந்தது, அன்று சாலையில் உட்கார்ந்தவர்களில் அந்த மாணவியின் அம்மாவும் ஒருவர் என்பது.

மறுநாள் வகுப்பில் எலிசபெத்தின் கதையைச் சொன்னேன். திருக்குறளில் 16-ஆம் அதிகாரத்தையும் 63-ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொன்னேன். அந்தப் பெண் எதுவும் பேசாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் வந்து, "மிஸ், இதைப் பரீட்சையில எழுதினா மார்க் போடுவாங்களா?" என்றாள். போடமாட்டார்கள், பாடநூலில் உள்ளதை எழுது என்று சொல்லி அனுப்பினேன். "சரி மிஸ், அப்ப அம்மாகிட்ட மட்டும் சொல்றேன்" என்றாள்.